கிளவுட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன்: காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கு வந்தால் யார் பொறுப்பு?

கிளவுட் (இணையவழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவை) ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து, பொறியாளர்கள் சொல்வதை வக்கீல்களுக்கும் வக்கீல்கள் சொல்வதைப் பொறியாளர்களுக்கும் புரியவைப்பது என் வேலை. கிளவுடுக்கு மாறலாம் என்று பேச்செடுத்தாலே நிதிப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வரும்: "அவர்கள் தொழில்நுட்பத்தின் மேல் யாராவது காப்புரிமை வழக்குப் போட்டால் பணம் கட்டுவது யார், நாமா அவர்களா?" நியாயமான பயம் இது. ஆனால் இதற்காக மாற்றத்தையே தள்ளிப்போடத் தேவையில்லை. பதில் ஒப்பந்தத்திலேயே, பெரும்பாலும் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது.

வாடிக்கையாளர் மேலேயே வழக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு நான் பர்சனல்வெப் வழக்கைச் சொல்வேன். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை வைத்தே அதற்கு அடையாளம் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் அது. 2011-இல் அமேசான் மேல் வழக்குப் போட்டது. 2014-இல் அதைத் தானே கைவிட, மறுபடி தொடர முடியாதபடி நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. பிறகு 2018-இல் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையைப் பயன்படுத்திய பல பத்து நிறுவனங்கள் மேல் தனித்தனியாக வழக்குகள் வந்தன. வாடிக்கையாளர்களுக்காக வாதாடும் பொறுப்பை அமேசான் தானே ஏற்றுக்கொண்டது. பழைய வழக்கின் முடிவு வாடிக்கையாளர்களையும் காக்கும் என்று 2020-இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளவுட் நிறுவனம் முன்னால் வந்து நின்றதுதான் அந்த வாடிக்கையாளர்களுக்குப் பெரிய பலம். உங்களுக்காகவும் அப்படி நிற்குமா என்பதை ஒப்பந்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வழக்கு வந்தால் யார் வாதாடுவது, யார் பணம் கட்டுவது என்று சொல்வது இழப்பீட்டுப் பிரிவு. அதை எடுத்ததும் வாக்குறுதிகளைப் படிக்காதீர்கள். விதிவிலக்குகளைப் படியுங்கள். அமேசானின் கிளவுட் பிரிவான அமேசான் வெப் சர்வீசஸின் பொது ஒப்பந்தம், சேவை காப்புரிமையை மீறுவதாக மூன்றாம் நபர் வழக்குப் போட்டால் தானே எதிர்கொள்வதாகச் சொல்கிறது. ஆனால் அந்தச் சேவையை வேறொரு மென்பொருளுடனோ தரவுடனோ முறையுடனோ இணைத்ததால் வரும் மீறலுக்குப் பொறுப்பில்லை என்றும் சொல்கிறது. இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கிளவுட் சேவையை அப்படியே தனியாக யார் பயன்படுத்துகிறார்கள்? எல்லோரும் அதன் மேல் தங்கள் நிரலை ஏற்றித்தான் ஓட்டுகிறோம். வழக்கு அந்த இணைப்பைக் குறிவைத்து வந்தால் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் சட்டக் குழுவிடம் போகுமுன் பொறியாளர்களோடு உட்கார்ந்து ஒரு படம் வரையச் சொல்வேன். கிளவுட் நிறுவனம் தருவதை மாற்றாமல் பயன்படுத்தும் பகுதிகள் ஒரு நிறம்; நீங்களே நிறுவி ஓட்டும் திறமூல மென்பொருள் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) இன்னொரு நிறம்; சொந்த நிரல் மூன்றாவது. முதல் நிறத்துக்குத்தான் பெரும்பாலும் பாதுகாப்பு. இரண்டாவதற்கு, அந்த மென்பொருள் எந்த உரிமத்தின் கீழ் வெளியாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்பாச்சி 2.0 உரிமம் பங்களிப்பாளர்களின் காப்புரிமைகளுக்கு வெளிப்படையாக அனுமதி தருகிறது. அந்த மென்பொருள் காப்புரிமையை மீறுவதாக நீங்கள் வழக்குப் போட்டால் அந்த அனுமதி போய்விடும். எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தையும் அதைச் சுற்றியுள்ள மென்பொருளையும் காக்க 2005-இல் தொடங்கிய ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு இருக்கிறது. அந்த மென்பொருளுக்காக உறுப்பினர்கள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடாமலிருக்க ஒப்புக்கொள்கிறார்கள். 2018-இல் மைக்ரோசாஃப்டும் அதில் சேர்ந்தது. மூன்றாவது நிறத்துக்கு நீங்களே பொறுப்பு.

படம் கையில் இருந்தால் கேள்விகள் தானாக வரும். இலவச, சோதனைநிலைச் சேவைகளுக்கும் பாதுகாப்பு உண்டா? தொகைக்கு உச்சவரம்பு உண்டா? சேவைக்குள் இருக்கும் திறமூலக் கூறுகளும் அடங்குமா? 2017-இல் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சேவையான அஷூருக்கு அறிவித்த திட்டம் இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றது, உச்சவரம்பும் வைக்கவில்லை. வழக்கில் எதிர்வாதத்துக்குப் பயன்படுத்த 10,000 காப்புரிமைகளிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் வழி வைத்தது. அதற்குத் தகுதி பெற மாதம் 1,000 டாலர் பயன்பாடு போன்ற நிபந்தனைகளும் இருந்தன. எந்தத் திட்டமானாலும் கையெழுத்திடும் நாளில் உள்ள வாசகத்தைப் பிரதி எடுத்து வையுங்கள்.

பலர் தாண்டிப்போகும் இன்னொரு வரி உண்டு. மீறல் என்று முடிவானால் கிளவுட் நிறுவனம் உரிமம் வாங்கலாம், சேவையை மாற்றி அமைக்கலாம், இரண்டும் முடியாவிட்டால் சேவையை நிறுத்தலாம் என்று இருக்கும். வியாபாரத்துக்கு நஷ்ட ஈட்டைவிட இந்த மூன்றாவது வழிதான் ஆபத்து. எத்தனை நாள் முன்னறிவிப்பு, தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் செய்தும், காப்புரிமையை மீறுகிறீர்கள் என்று ஒரு நாள் கடிதம் வந்தால், அவசரத்தில் பதில் எழுதாதீர்கள். கிளவுட் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் பாதுகாப்பு குறையலாம். வழக்கை நடத்தும் முழு அதிகாரத்தையும் அவர்கள் கேட்பார்கள், அது வழக்கம்தான். பொறியாளர்களிடம் இதைப் பற்றி சாட்டில் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் அமெரிக்காவில் நஷ்ட ஈடு மும்மடங்கு வரை போகலாம். "ஆமாம், நாம் இதைத்தான் செய்கிறோம்" என்ற ஒரு வரி போதும் எதிர்த்தரப்புக்கு. அதே சமயம் எதையும் அழிக்கவும் கூடாது.

பிறகு காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா, எந்த நாட்டுடையது என்று பாருங்கள். பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். எது தனக்குச் சொந்தம் என்று காப்புரிமையின் முடிவில் எழுதியிருக்கும் உரிமைகோரல்களின் வாசகம்தான் எல்லை. ஒரு கருத்தைச் சாதாரணக் கணினியில் ஓட்டுவதாலேயே அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆலிஸ் வழக்கில் சொன்ன பிறகு, பல மென்பொருள் காப்புரிமைகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அமெரிக்காவில் வழக்கே தொடுத்துவிட்டால், காப்புரிமை அலுவலகத்தில் அதன் செல்லுபடியை எதிர்த்து மறுஆய்வு கேட்க, வழக்கு மனு உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 1 ஆண்டுதான் அவகாசம். அந்தத் தேதியை முதல் நாளே வக்கீலிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.