ஸ்டேஷனுக்குப் போகும் முன் வக்கீல் வீட்டுக்குப் போங்கள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டுகளைப் பிரித்துப் பிரித்தே கண் மங்கிப்போன ஆள். “சும்மா ரெண்டு கேள்விதான், வந்துட்டுப் போங்க” என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களிடம் வந்த ஒருவர் ஓர் அடிதடிக்குச் சாட்சி. எத்தனை மணி என்று கேட்டதற்கு, உத்தேசமாக “ஒன்பது இருக்கும்” என்றிருக்கிறார். அது ‘சம்பவத்தன்று இரவு சுமார் 9.00 மணியளவில் நான் மேற்படி இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது’ என்று போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் ஏறிவிட்டது. மனுஷர் ஜென்மத்தில் ‘மேற்படி’ என்று பேசியதில்லை. ஒன்பதுக்கு அவர் வேலையில் இருந்ததாக வருகைப் பதிவேடு சொன்னது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த ஒன்பது மணியைப் பிடித்து உலுக்கிய உலுக்கில், அவர் சொன்ன நிஜமும் சேர்ந்து உதிர்ந்தது.

முதலில், அழைப்பை எழுத்தில் கேளுங்கள். வந்த தாளில் எந்தப் பிரிவு என்று வக்கீல் பார்ப்பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 179-ஆம் பிரிவு என்றால் நீங்கள் சாட்சி. 35(3) என்றால் சந்தேகம் உங்கள் மேலேயே. இரண்டையும் கிடப்பில் போடக் கூடாது. 35(3)-க்குப் போகாமல் இருந்தால் கைது வரை போகும். 179-இல் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இது தெரியாமல் வாசலில் காத்துக்கிடந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீலிடம் போகும்போது ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்து எழுதுங்கள்: கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, தெரியாதது. மூன்றாவதுதான் உங்களைக் காப்பாற்றும். “தெரியாது”, “நினைவில்லை” என்பதும் பதில்தான், உண்மையாக இருந்தால். பொய் சொல்லிக்கொடுக்கிற வக்கீல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு வேண்டாம். 180-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. எந்தக் கேள்வி அந்த ரகம் என்று அங்கே உட்கார்ந்துகொண்டு உங்களால் பிரிக்க முடியாது, அதற்குத்தான் வக்கீல். போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதாமே என்று தைரியமாகப் பேசுபவர்களும் உண்டு. நீங்கள் காவலில் இருக்கும்போது சொன்னதை வைத்து ஒரு பொருளை எடுத்துவிட்டால், அதைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு உங்கள் பேச்சு செல்லும். கேஸ் கட்டில் ‘ரெக்கவரி’ என்று தனியாக இருக்கும்.

சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது 181-ஆம் பிரிவு. வெற்றுத்தாள் நீட்டினால் தொடவே தொடாதீர்கள். கைதாகிவிட்டாலும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. முழு நேரமும் கூடவே இருக்க மட்டும் முடியாது. கையில் காசில்லையா, 15100-க்குப் போன் போடுங்கள், இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

திரும்பி வந்த அன்று ராத்திரியே, போன நேரம், வந்த நேரம், எழுதிய போலீஸ்காரர் பெயர், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் குறித்து ஆபீசில் கொடுத்துவிடுங்கள். கட்டில் சேர்க்க வேண்டியது என் வேலை.