பண்டகசாலை ஆண்டறிக்கையைக் கணக்குப் போட்டுப் படிக்க

கூட்டுறவு பண்டகசாலையின் பேரவைக் கூட்டத்தில் அறிக்கைப் புத்தகம் பெரும்பாலும் விசிறியாகத்தான் பயன்படுகிறது. பேனாவும் செல்போன் கால்குலேட்டரும் இருந்தால் கால் மணி நேரத்தில் கடையின் நாடியைப் பிடித்துவிடலாம்.

போவதற்கு முன் உங்கள் பங்கு ரசீதைப் பாருங்கள். ‘இணை உறுப்பினர்’ என்றிருந்தால் ஓட்டு கிடையாது. ‘அ வகுப்பு’ என்றால், ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்த விற்பனையைக் கண்டு மலைக்க வேண்டாம். அதில் ரேஷன் கடை விற்பனையும் கலந்திருக்கும். 1962 சீனப் போருக்குப் பிறகு விலைவாசியைப் பிடித்து நிறுத்த மாவட்டந்தோறும் மொத்த விற்பனை பண்டகசாலைகளை அரசே ஊக்குவித்தது. மதுரையில் பாண்டியன், கோவையில் சிந்தாமணி என்று மக்கள் அறிந்த சிறப்பங்காடிகள் இந்த வழியில் வந்தவை. அரசு விலைக்கு விற்கும் சர்க்கரையில் கடையின் சாமர்த்தியம் தெரியாது. ‘கட்டுப்பாடற்ற பொருட்கள்’, அதாவது ரேஷனில் சேராத சரக்கு, என்ற வரியை மட்டும் தனியே எடுங்கள்.

அடுத்து வியாபாரக் கணக்கு. உதாரணத்துக்கு, தொடக்க இருப்பு 12 லட்சம், கொள்முதல் 90 லட்சம், இறுதி இருப்பு 10 லட்சம் என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 92 லட்சம். விற்பனை 1 கோடி என்றால் மொத்த லாபம் 8 லட்சம், அதாவது 8 சதவீதம். சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சராசரி இருப்பு 11 லட்சம். 92-ஐ 11-ஆல் வகுத்தால் சரக்கு ஆண்டுக்கு 8.4 சுற்று விற்றுத் தீர்கிறது; 365 நாளை அதால் வகுத்தால், ஒரு சரக்கு சராசரியாக 44 நாள் அலமாரியில் கிடக்கிறது. சோப்பு கிடக்கலாம். சித்திரை வெயிலில் ரவை 44 நாள் கிடந்தால் வண்டு வைத்துவிடும். மதுரை கீழமாசி வீதிப் பலசரக்குக்காரர் இதற்கு இடம் கொடுக்க மாட்டார்.

பலரும் தாண்டிப் போகும் வரி ‘இருப்புக் குறைவு’, அதாவது கணக்கில் இருக்க வேண்டிய சரக்கில் கையில் இல்லாதது. எல்லாமே திருட்டு இல்லை. 50 கிலோ மூட்டைப் பருப்பை ஒரு கிலோ பாக்கெட்டாகக் கட்டும்போது பாக்கெட்டுக்கு 5 கிராம் கூடப் போனால் மூட்டைக்குக் கால் கிலோ போச்சு. ஈரத்தோடு வாங்கிய வத்தலும் புளியும் காயக் காய எடை இறங்கும். இப்படி இயல்பாகக் குறைவதற்கு ஒரு விகிதம் தள்ளிவிடாமல் (அதுதான் ‘கழிவு’) முழுத் தொகையையும் விற்பனையாளர் தலையில் கட்டினால், அவர் அடுத்த மாதம் தராசில்தான் அதைச் சரிக்கட்டப் பார்ப்பார். அதனால் ‘குறைவு எவ்வளவு’ என்பதோடு நிற்காமல், ‘எந்தப் பொருளில், எந்தக் கிளையில், கழிவு விகிதம் என்ன’ என்றும் கேளுங்கள். கிளைக்குப் போகும்போது தராசில் காலாவதியாகாத அரசு முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ‘வர வேண்டிய பாக்கி’. விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடனாகக் கொடுத்த சரக்கு இங்கேதான் ஒளிந்திருக்கும். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் மாவு, வெண்ணெய், மெழுகுவர்த்தி வைத்துக் கடை திறந்தபோது கடன் கிடையாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். சந்தை விலைக்கே விற்று, மிஞ்சியதை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவு சங்கத்துக்கும் முன்மாதிரி அந்தக் கடைதான். பாக்கியில் பணம் முடங்கினால் கொள்முதலுக்கு ரொக்கம் இருக்காது. விருதுநகர் மண்டியில் ரொக்கத்துக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. உங்கள் பில்லில் அது ஏறும்.

பாக்கியை வயதுவாரியாகக் கேளுங்கள்: 3 மாதத்துக்குள் எவ்வளவு, ஓராண்டைத் தாண்டியது எவ்வளவு, யாரிடம். கேள்வியை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறாமல் போக வாய்ப்பு அதிகம்.