டீசல் கார் மைலேஜ்: கணக்கு எங்கே தப்புகிறது?

விளம்பரத்தில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். ஊருக்குள் ஓட்டினால் 13, நெடுஞ்சாலையில் 17 என்று வரும். உடனே கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றோ வண்டியில் ஏதோ கோளாறு என்றோ முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அந்த 21 எதை அளந்த எண் என்று பார்ப்பதில்லை. நம் பங்குக்கு அளப்பதையும் ஒழுங்காக அளப்பதில்லை.

சோதனைக்கூட எண்ணைச் சாலையில் தேடுவது

ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ் என்று நாம் சொல்லும் எண், காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிப் பெறுவது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 115’ என்று இருக்குமே, அது இந்தச் சோதனையைத்தான் குறிக்கிறது. மொத்தம் 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. ஓடும் தூரம் சுமார் 10.6 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரை ஒட்டி, உச்ச வேகம் 90. ஏசி போடுவதில்லை. எதிர்க்காற்று, மேடு, பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை எதுவும் கிடையாது. வேகம் கூட்டுவதும் மிக நிதானமாக நடக்கும். கிண்டி சிக்னலில் அப்படிக் கிளம்பினால் பின்னால் நிற்பவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

எல்லாக் கார்களுக்கும் அதே சோதனை என்பதால், இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் மாதச் செலவைக் கணிக்க உதவாது. ஊர் ஓட்டத்துக்கு அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கையும், 80–90-ல் போகும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வைத்துக்கொள்வது பத்திரம். இது கைக்கணக்குதான், வண்டிக்கு வண்டி மாறும்.

அளக்கும் முறையிலேயே வரும் பிழை

பத்து லிட்டர் போட்டு, ரிசர்வ் விளக்கு மறுபடி எரியும்வரை ஓட்டிப் பார்ப்பது பழைய பழக்கம். டேங்கில் எரிபொருள் மட்டத்தைக் காட்டும் மிதவை சாய்வான இடத்தில் ஒரு மாதிரியும் சமதளத்தில் இன்னொரு மாதிரியும் காட்டும். ஒரு லிட்டர் முன்பின் ஆனால் பத்து லிட்டரில் அது 10 சதவீதப் பிழை. நாற்பது லிட்டரில் வெறும் 2.5 சதவீதம். அதனால் ஃபுல் டேங்க் முறையை விட்டால் வேறு வழியில்லை.

அதிலும் டீசலுக்கே உரிய ஒரு தொல்லை, நுரை. பங்க்கில் நாசிலை முழுசாக அழுத்திப் பிடித்தால் நுரை குழாய்வரை பொங்கி, டேங்க் நிறையும் முன்பே நாசில் தானாக நின்றுவிடும், அதாவது கட்-ஆஃப் ஆகிவிடும். முதல் தடவை நுரையில் நின்றுபோய், அடுத்த தடவை நிதானமாக நிரம்பினால், இடையில் ஓரிரு லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். வண்டி திடீரென்று ‘மைலேஜ் குறைத்துவிட்டது’ என்ற புகார்களில் இந்த நுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

செய்ய வேண்டியது இது. அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், வண்டி அதே திசையில் நிற்கட்டும். மெதுவான வேகத்தில் நிரப்பச் சொல்லுங்கள். முதல் கட்-ஆஃப் ஆனதும் ஒரு நிமிடம் பொறுத்து, நுரை அடங்கியபின் இரண்டாவது கட்-ஆஃப்வரை நிரப்பி அத்தோடு நிறுத்துங்கள். ரவுண்டு தொகைக்காக மேலும் மேலும் ஊற்றவிட வேண்டாம். டீசல் சூட்டில் விரியும்: 45 லிட்டர், 10 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 370 மில்லி பெருகும். அதற்கு டேங்கில் இடம் வேண்டும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்டி, அதே மாதிரி நிரப்புங்கள். அடுத்தடுத்து மூன்று முறை செய்தால்தான் எண் நம்பத்தக்கதாகும்.

இப்போது மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். 100 கிலோமீட்டர் ஊருக்குள் லிட்டருக்கு 12, இன்னொரு 100 வெளியே லிட்டருக்கு 20 கிடைத்தது என்றால் சராசரி 16 அல்ல. செலவானது 8.33 + 5 = 13.33 லிட்டர்; ஓடியது 200; ஆகவே 15. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதுதான் கணக்கு.

டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ், இன்ஜெக்டர்கள் திறந்திருந்த நேரத்தை வைத்து கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். அது 18.6 காட்ட, டேங்க் கணக்கில் 17.2 வந்தால், விகிதம் 0.92. இனி திரை காட்டுவதை 0.92-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும்.

பங்க்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். 25 மில்லிவரை வித்தியாசத்துக்கு அனுமதி உண்டு. அதாவது அரை சதவீதம். அதற்குள் இருந்தால் காரணத்தை வண்டியில் தேடுங்கள்.

புது டயர் போட்டதும் குறைந்ததா?

டயர் தேயத் தேய அதன் விட்டம் குறையும். 8 மில்லிமீட்டர் பள்ளம் 2 ஆனால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் போய்விடும். ஓடோமீட்டர் சுமார் 2 சதவீதம் கூடுதல் தூரம் காட்டும். புது டயர் போட்டதும் அந்தப் பொய்த் தூரம் மறைந்து, மைலேஜ் விழுந்தது போலத் தோன்றும். 185/65 ஆர்15 அளவு டயர் இருந்த இடத்தில் அகலம் கூடிய 195/65 போட்டாலும் இதே கதை: விட்டம் 621-லிருந்து 634 மில்லிமீட்டருக்குப் போகும், ஓடோமீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து 50 கிலோமீட்டருக்குச் சரிபார்த்தால் திருத்த எண் கிடைத்துவிடும்.

பிஎஸ்6 டீசலில் குட்டி ஓட்டம்

பழைய டீசல் கார் ஓட்டியவர்கள் அதிகம் தவறுசெய்வது இங்கேதான். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரல் முதல் விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, புகைபோக்கியைச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இந்த ரீஜெனரேஷன் நடக்கும்போது மைலேஜ் அடிவாங்கும். தினமும் 4 கிலோமீட்டர் ஆபீஸ், 2 கிலோமீட்டர் பள்ளிக்கூடம் என்று ஓடும் வண்டியில் அது ஆரம்பிப்பதும் பாதியில் நிற்பதுமாகவே இருக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் மட்டம் ஏறுகிறதென்றால் அதுதான் அறிகுறி. ‘ஆயில் குறையவே இல்லை’ என்று சந்தோஷப்பட வேண்டாம்.

ரீஜெனரேஷன் நடக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம்: வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம் (ஐடில் ஆர்பிஎம்) வழக்கமான 800-லிருந்து 1,000 பக்கம் ஏறியிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றும், சூடான வாடை வரும். அப்போது வண்டியை அணைக்காமல், 60-க்கு மேல் வேகத்தில் 2,000 ஆர்பிஎம் பக்கம் வைத்து 15–20 நிமிடம் ஓட்டி முடித்துவிடுங்கள். ஆயில் மாற்றும்போது மலிவு பார்த்துப் பழைய டீசல்களுக்கான 15டபிள்யூ-40 ஊற்றினால், அதிலுள்ள சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஓனர் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரக ஆயிலையே கேட்டு வாங்குங்கள்.

கால் செய்யும் வேலை

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் அது கிட்டத்தட்ட 1.9 மடங்கு. சென்னை–திருச்சி சாலையில் இரண்டு பேர் ஒரே மாடலில் 19, 15 என்று வேறு வேறு எண் சொன்னால் இருவருமே உண்மை சொல்கிறவர்களாக இருக்கலாம்.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மிச்சமல்ல. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கத் தொடர்ந்து டீசல் குடிக்கும். கொல்லிமலைக் கொண்டை ஊசிகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து வேறு.

எப்போது மெக்கானிக்கிடம் போவது?

அதே பாதையில், மூன்று நிரப்பல்களின் கணக்கு முன்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மட்டும். முதலில் காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். பிறகு, அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்கள் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் உரசுகிறது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் இணைப்பில் புதிதாக ஆயில் கசிவு, இழுக்கும்போது விசில் சத்தம் இருந்தால் காற்றுக் கசிவு. அடிக்கடி தவறவிடப்படுவது, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு: திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, மைலேஜும் விழும், ரீஜெனரேஷனும் சரியாக நடக்காது. இன்ஜெக்டர் செலவுக்குப் போகுமுன் அந்தச் சின்னப் பாகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாங்குமுன் போடும் கணக்கு

பெட்ரோல் ரூ.101, டீசல் ரூ.93, இரண்டு கார்களின் விலை வித்தியாசம் ரூ.1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பர எண்களான பெட்ரோலுக்கு 17, டீசலுக்கு 21-ஐப் போட்டால் கிலோமீட்டருக்கு ரூ.1.51 மிச்சம், போட்ட காசை எடுக்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். சாலையில் கிடைக்கும் 12, 16-ஐப் போட்டால் மிச்சம் ரூ.2.60, சுமார் 58,000 கிலோமீட்டரில் திரும்பிவிடும். இரண்டு மைலேஜும் குறைந்திருக்க, டீசலின் லாபம் கூடியிருக்கிறது. வருடத்துக்கு 20,000 ஓடுகிறவருக்கு மூன்று வருடத்துக்குள் வேலை முடிந்தது. தெருமுனைவரை போய்வரும் வண்டிக்கு இந்த 16 கிடைக்காது. அப்படி ஓட்டுகிறவர் பெட்ரோலே பார்க்கலாம்.