ஒரே சேனலில் நாலு பாக்ஸ்: ஆம்ப், ஸ்பீக்கர் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ஆம்ப் கொஞ்சம் சூடா இருக்கு. ஆனா சவுண்டு சூப்பரா வருது" என்றான் பையன். வேலை கற்றுக்கொள்ள வந்து நாலு மாதம் ஆகிறது. எழுந்துபோய் ஆம்பின் பின்பக்கம் பார்த்தேன். ஒரே சேனலிலிருந்து, அதாவது ஆம்பின் ஒரே அவுட்புட்டிலிருந்து, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு பாக்ஸ் வயர் இழுத்துச் சங்கிலி போட்டிருந்தான். கேட்டால், "பின்னாடி ரெண்டு சாக்கெட் இருக்கே, சொருகத்தானே கொடுத்திருக்காங்க?" என்கிறான். இதே பதிலை இதே நம்பிக்கையோடு நானும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் திட்ட வாய் வரவில்லை.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஆம்ப் ஓடும்போதே வயரைப் பிடுங்குவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை முதல் மாதத்திலேயே திருந்திவிடும். திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

சாக்கெட் இருக்கிறது என்று சங்கிலி போட்டுக்கொண்டே போவது

பாக்ஸின் பின்னால் இருக்கும் இரண்டு சாக்கெட்டும் உள்ளே நேராக ஒன்றோடொன்று இணைந்தவை. அடுத்த பாக்ஸை அதில் சொருகினால் அது பேரலல் இணைப்பு. 8 ஓம் பாக்ஸ் ஒன்று என்றால் லோடு, அதாவது ஆம்புக்குத் தெரியும் எதிர்ப்பு, 8 ஓம். இரண்டு என்றால் 4. மூன்று என்றால் 2.67. நாலு என்றால் 2. ஆம்பின் முதுகில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று அச்சடித்திருக்கும்போது நாம் அதன் தலையில் 2 ஓமைக் கட்டிவிட்டிருப்போம்.

இதில் ஏமாற வைப்பது என்னவென்றால், காதுக்கு ஒன்றுமே தெரியாது. ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். 28 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் பாக்ஸில் சுமார் 3.5 ஆம்பியர் ஓடும், 100 வாட் கிடைக்கும். இரண்டாவது பாக்ஸைச் சேர்த்தாலும் முதல் பாக்ஸுக்கு அதே 28 வோல்ட்தான், அதே 100 வாட்தான். நாலாவதைச் சேர்த்தாலும் அப்படியே. சத்தம் குறையாது, கூடத்தான் செய்யும். ஆனால் ஆம்ப் இப்போது 14 ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஏபி கிளாஸ் ஆம்பில், அதே வோல்டேஜுக்கு லோடின் ஓம் பாதியானால் ஹீட்சிங்க்கில் தங்கும் சூடு இரண்டு மடங்காகும். நோவது ஆம்புக்கு. ஸ்பீக்கர் நன்றாகப் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நாலு பாக்ஸ், எல்லாம் 8 ஓம், ஒரே சேனலில். டெஸ்டிங்கில் சின்ன சத்தத்தில் அருமையாக ஓடியது. நிகழ்ச்சி சூடு பிடித்ததும் புரொடெக்ட் விளக்கு எரிந்து சத்தம் நின்றது. இரண்டு நிமிடத்தில் தானே வந்துவிட்டது. "ஹீட்டுதான், ஃபேன் வை" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு மூத்தவர். வைத்தேன். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை 'டப்' என்று ஒரு சத்தம்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். இதோடு முடிந்திருந்தால் ஆம்ப் ரிப்பேரோடு போயிருக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் சப்ளை வோல்டேஜ் டிசியாக, அதாவது திசை மாறாத மின்சாரமாக, நேரே ஸ்பீக்கருக்கு வரும். 60 வோல்ட் என்று வையுங்கள். பாக்ஸின் பேஸ் ஸ்பீக்கரான 8 ஓம் ஊஃபரின் காயில் டிசிக்கு சுமார் 6 ஓம்தான். கணக்குப்படி 10 ஆம்பியர், 600 வாட், அத்தனையும் சூடு. கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அசையாமல் நிற்பதால் காயிலுக்குக் காற்றுகூடக் கிடைக்காது. இதைத் தடுக்க உள்ளே ஒரு ரிலே இருந்தது. அவ்வளவு டிசி ஓடும்போது அது பிரியப் பார்த்தால் காண்டாக்டில் ஆர்க் அடிக்கும். அடித்தது, ஒட்டிக்கொண்டது. கருகிய வார்னிஷ் வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஆம்ப் ஒன்று, ஊஃபர் இரண்டு.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அந்த ஃபேன்மீதுதான். புரொடெக்ட் விளக்கு எரிவது 'என்மேல் பாரம் அதிகம்' என்று ஆம்ப் வாய்விட்டுச் சொல்வது. நான் அதற்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை எரிந்ததுமே இரண்டு பாக்ஸைக் கழற்றியிருந்தால் நிகழ்ச்சியும் நடந்திருக்கும், ஊஃபரும் பிழைத்திருக்கும்.

சரி, நாலு பாக்ஸ் வேண்டும் என்றால்? சேனலுக்கு இரண்டு என்று பிரியுங்கள், இரண்டு பக்கமும் 4 ஓம். ஒரே சேனல்தான் இருக்கிறது என்றால் இரண்டிரண்டாக சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் கொடுக்கலாம். மொத்தம் மறுபடி 8 ஓம். ஆனால் ஒவ்வொரு பாக்ஸுக்கும் பாதி வோல்டேஜ், அதாவது கால்வாசி வாட்தான் போகும். ஒரு பாக்ஸ் போனால் அதன் ஜோடியும் ஊமையாகும். வேறு வேறு மாடல்களை சீரிஸில் போட்டால் சத்தத்தின் நிறமே மாறிவிடும். 8 ஓமையும் 4 ஓமையும் பேரலலில் கலந்தால் மொத்தப் பவரில் மூன்றில் இரண்டு பங்கை 4 ஓம் பாக்ஸ் இழுத்துக்கொள்ளும்.

பிரிட்ஜ் போட்டால் அதே 4 ஓம் தாங்கும் என்று நினைப்பது

தாங்காது. இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே லோடை ஓட்டுவதுதான் பிரிட்ஜ். அதில் ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது லோடின் பாதி. சேனலுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம் என்றால் பிரிட்ஜுக்குக் குறைந்தபட்சம் 8.

சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்பது

பாதி உண்மை. 50 வாட் ஆம்பில் 200 வாட் பாக்ஸை மெதுவாக ஓட்டினால் ஆயுளுக்கும் ஒன்றும் ஆகாது. சத்தம் போதவில்லை என்று திருகும்போதுதான் வினை. ஆம்பின் உச்சத்தைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப். முழுக்க வெட்டுப்பட்ட அலையின் பவர் ஆம்பின் மேல் எழுதியதைப்போல இரண்டு மடங்கு வரை போகும். அப்புறம், பேஸ் உச்சத்தில் முட்டி நிற்க, மேல் ஸ்வரங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டிய ஓரங்களும் புதிதாக உயர் அதிர்வெண்களைக் கிளப்பும். பாக்ஸிலேயே மிகக் குறைந்த வாட் தாங்குவது மேல் ஸ்வரங்களைப் பாடும் ட்வீட்டர், அதன் பங்கு திடீரென்று கூடுகிறது. கிளிப் ஆனால் டிசி வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஒரேபோல வெட்டுப்பட்டால் டிசி எதுவும் இல்லை. எரிப்பது சராசரிப் பவரின் சூடுதான்.

நான் பின்பற்றும் கணக்கு: பாக்ஸின் தொடர் வாட், அதாவது கன்டினியுவஸ் என்று போட்டிருப்பதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆம்ப். அதுவும் பாக்ஸின் ஓமில் ஆம்ப் தரும் வாட்டைப் பார்க்க வேண்டும். 4 ஓமுக்கு எழுதிய பெரிய எண்ணை 8 ஓம் பாக்ஸுக்கு நம்பக் கூடாது. இதெல்லாம் கிளிப் விளக்கைக் கவனிக்கும் கைக்கு மட்டும். கவனிக்காத கைக்கு, சிக்னலை எல்லை தாண்டவிடாமல் பிடிக்கும் லிமிட்டர் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

பீக் வாட்டை வாட் என்று படிப்பது

ஸ்பெக் தாளில் தொடர் வாட்டைப்போல இரண்டு மடங்கு 'புரோகிராம்', நாலு மடங்கு 'பீக்' என்று போடுவது வழக்கம். முகப்பில் 800 பீக் என்று மின்னும் பாக்ஸ் அனேகமாக 200 வாட் பாக்ஸ்.

பிஎம்பிஓ

விளம்பரத்துக்காகப் போடும் பெரிய வாட் எண் இது. அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

வாட்டை இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்பது

3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 97 டெசிபெல் சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள பாக்ஸுக்கு 200 வாட் கொடுத்து வாங்கும் சத்தத்தை 100 டெசிபெல் பாக்ஸ் 100 வாட்டிலேயே தந்துவிடும். பெரிய ஆம்ப் வாங்கக் கிளம்புமுன் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை.

மல்டிமீட்டர் 6 காட்டுகிறது என்று பாக்ஸைத் திருப்பி அனுப்புவது

மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸை. 8 ஓம் ஸ்பீக்கர் 6ஐ ஒட்டிக் காட்டுவது சரிதான். 8 என்பது பெயரளவு மதிப்பு. அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது மாறும், ஸ்பீக்கர் இயல்பாகவே அதிரும் ரெசொனன்ஸ் அதிர்வெண்ணில் பல மடங்கு ஏறும்.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே ஓமாக இருக்க வேண்டும் என்பது

டிரான்சிஸ்டர் ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசிக்கான எதிர்ப்பு) ஒரு ஓமில் சிறு பின்னம்தான். பின்னால் எழுதிய எண், அதற்குக் கீழே போகாதே என்கிறது, அவ்வளவே. 16 ஓம் பாக்ஸைத் தாராளமாகக் கொடுக்கலாம், 8 ஓமில் கிடைப்பதில் பாதி வாட் வரும். வால்வு ஆம்ப் வேறு ஜாதி. அதில் ஸ்பீக்கரின் ஓமுக்கு உரிய டேப்பில், அதாவது அதற்கென உள்ள முனையில், கொடுக்க வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

வால்யூமைப் பாதியில் வைத்தால் பாதி பவர் என்பது

இல்லை. மிக்சர் தாராளமாகக் கொடுத்தால் பாதித் திருகிலேயே ஆம்ப் முழுசாகக் கக்கிவிடும்.

மெல்லிய வயர்

0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால் போகவர 1.4 ஓம் சேரும். 4 ஓம் லோடில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பவரில் சுமார் 45 சதவீதம் காணாமல் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டாலும் 18 சதவீதம் போகும். ஆம்பை பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தூரத்தை மிக்சரிலிருந்து வரும், இரைச்சல் எளிதில் ஏறாத பேலன்ஸ்டு சிக்னல் கேபிளில் விடுங்கள்.