முதல் ஓட்டு லிபர்டேரியனுக்குத்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு

அமெரிக்காவில் 18 வயதாகி முதல் ஓட்டுப் போடப் போகிறீர்கள். இரண்டு பெரிய கட்சிகளையும் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது, அரசாங்கத் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சி பிடித்திருக்கிறது, அந்தக் கொள்கைக்காகப் பேசிய அரசியல்வாதி ரான் பாலின் பழைய விவாத வீடியோக்களை விடிய விடியப் பார்த்து லேப்டாப்பில் லிபர்டேரியன் சின்னமான முள்ளம்பன்றி ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது, வீட்டில் அப்பா "ஓட்டை வீணாக்காதே" என்று ஒரே பாட்டு. உங்கள் மனதை மாற்றுவது என் வேலை இல்லை. அந்த ஆர்வத்தை எங்கே போட்டால் ஏதாவது நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் அதை மொத்தமாக அதிபர் தேர்தலில் கொட்டிவிட்டு, நவம்பர் முடிவதற்குள் ஆளே காணாமல் போய்விடுகிறார்கள்.

முதலில் சலிப்பான வேலை. வாக்காளர் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நார்த் டகோட்டாவில் பதிவே கிடையாது, கலிஃபோர்னியாவில் 16 வயதிலேயே முன்பதிவு செய்து வைக்கலாம், டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே கதவு சாத்திவிடுவார்கள். கல்லூரி வேறு ஊரில் என்றால் வீட்டு முகவரியா, விடுதி முகவரியா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டிலும் ஓட்டுப் போட முடியாது. டெக்சாஸ் வாக்குச்சாவடியில் கல்லூரி அடையாள அட்டை செல்லாது, ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ வேண்டும். நம்மவர்களில் குடியுரிமை வாங்கி ஓட்டுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு தலைவலி: பழைய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால் விசாவில் முதற்பெயர் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, அது இன்னும் ஏதாவது ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள்.

வீட்டில் எச்1பியிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களை இந்த உற்சாகத்தில் இழுத்துவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா" என்று கேட்பார்கள், குடியுரிமை இல்லாதவர் தெரியாமல் டிக் அடித்தால்கூட பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அதே கேள்வி வரும், நாடுகடத்தல் வரை போகலாம். தேர்தல் நன்கொடையிலும் கவனம். கிரீன் கார்டுக்காரர் கொடுக்கலாம், எச்1பிக்காரர் கொடுக்கக் கூடாது.

சரி, கட்சிக்கு வருவோம். லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோவில் பிறந்தது. ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கிய 26ஆவது திருத்தமும் அதே வருஷம்தான். 1972இல் ஜான் ஹோஸ்பர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரை அதிபர் பதவிக்கு நிறுத்தினார்கள், இரண்டே மாநிலங்களில்தான் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. ஆனாலும் வர்ஜீனியாவில், மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டர்களில், ரிபப்ளிகன் நிக்சனுக்குப் போடவேண்டிய ஒருவர் மனம் மாறி இவர்களுக்குப் போட்டுவிட்டார். அதனால் துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், எலக்டோரல் ஓட்டு வாங்கிய முதல் பெண் ஆனார். அதன் பிறகு இன்றுவரை அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யாரும் ஒரு மாநிலத்தைக்கூட ஜெயித்ததில்லை. உச்சம் 2016இல் கேரி ஜான்சன் வாங்கிய சுமார் 45 லட்சம் ஓட்டு, 3.3 சதவீதம். 2020இல் ஜோ ஜோர்ஜென்சன் 18 லட்சத்துச் சொச்சம். 2024இல் சேஸ் ஆலிவர் ஆறரை லட்சம். இறங்குமுகம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும் ஒரு எலக்டோரல் ஓட்டுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர எல்லா இடத்திலும், மாநிலத்தில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா எலக்டோரல் ஓட்டும்.

அதனால் அதிபர் ஓட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான். கலிஃபோர்னியாவில் 2024இல் வித்தியாசம் 20 புள்ளி. அங்கே நீங்கள் யாருக்குப் போட்டாலும் முடிவு மாறாது, தாராளமாக மனசாட்சிப்படி போடலாம். அரிசோனா வேறு கதை. 2020இல் அங்கே பைடன் ஜெயித்தது 10,457 ஓட்டில், ஜோர்ஜென்சனுக்கு விழுந்தது 51,000க்கு மேல். இதைக் காட்டி "நீங்கள்தான் ட்ரம்பைத் தோற்கடித்தீர்கள்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்த 51,000 பேரும் வீட்டிலேயே இருந்திருக்கலாம், பாதிப்பாதியாகப் பிரிந்திருக்கலாம் என்று சொல்லலாம், அது நியாயமான பதில்தான். ஆனால் ஒன்று, அந்த மாதிரி மாநிலத்தில் இருந்துகொண்டு "என் ஓட்டால் யாருக்கும் பாதிப்பில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு பெரியவர்களில் யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று உண்மையிலேயே நினைத்தால் போடுங்கள். நினைக்கவில்லை என்றால், யார் வந்தால் உங்கள் வீட்டில் யாருடைய விசா என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் டிவியில் பேசுவதில்லை. மூன்றாம் கட்சிக்கு நிஜமான பரிசு அதிபர் நாற்காலி இல்லை. அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டில் இடம் கிடைப்பதுதான் பரிசு. டெக்சாஸில் 2019இல் வந்த சட்டப்படி, முந்தைய ஐந்து பொதுத் தேர்தல்களில் ஏதாவது ஒன்றில், மாநில அளவிலான ஏதாவது ஒரு பதவிக்கு 2 சதவீதம் வாங்கியிருந்தால் போதும், கட்சிக்கு இடம் உண்டு. அந்த "ஏதாவது ஒரு பதவி" என்பதைக் கவனியுங்கள். வாக்குச்சீட்டில் மேலே அதிபருக்கு யாரைக் குத்தினாலும், கீழே இறங்கி வந்து, மாநில நீதிபதி பதவியிலோ ரயில்ரோடு கமிஷனர் பதவியிலோ லிபர்டேரியன் பெயர் இருந்தால் அங்கே உங்கள் ஓட்டுக்கு வேலை இருக்கிறது. மேலே குத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தக் கதவை எப்படிச் சாத்துவார்கள் என்று தெரிய நியூயார்க்கைப் பாருங்கள். 2018 கவர்னர் தேர்தலில் லிபர்டேரியன் கட்சி முதல் தடவையாக 50,000 ஓட்டு எல்லையைத் தாண்டி அங்கே அங்கீகாரம் வாங்கியது. 2020இல் எல்லையையே 1,30,000 ஓட்டு அல்லது 2 சதவீதம், இதில் எது அதிகமோ அது என்று தூக்கிவிட்டார்கள், அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அங்கீகாரம் போனது. 2024இல் நியூயார்க் வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்கு இரண்டே பெயர்கள். உங்கள் மாநிலத்தில் அந்த எல்லை எவ்வளவு என்பதை வேட்பாளர் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேசிய அளவில் 5 சதவீதம் வந்தால் அடுத்த அதிபர் தேர்தலுக்கு மத்திய அரசின் பிரசார நிதியும் கிடைக்கும். 1996இல் பெரோ 8 சதவீதம் வாங்கியதால்தான் 2000இல் அவரது ரிஃபார்ம் கட்சிக்கு 1.26 கோடி டாலர் வந்தது. அரசாங்கப் பணமே வேண்டாம் என்று பேசும் கட்சிக்கு இது ஒரு தர்மசங்கடம்தான், அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

சட்டமன்ற, செனட் தேர்தல்களில் உங்கள் ஓட்டு இன்னும் நேரடியாகக் கடிக்கும். ஜார்ஜியாவில் ஜெயிக்க பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். 2022 செனட் தேர்தலில் அதே சேஸ் ஆலிவர் வாங்கிய 2 சதவீதத்தால் டெமாக்ரட் வார்னாக், ரிபப்ளிகன் வாக்கர் இருவருமே பாதியைத் தொட முடியாமல் டிசம்பரில் இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். மறுபக்கம், மூன்றாம் கட்சி எங்கே ஜெயிக்கிறது என்று பார்த்தால், எதிரே ஒரே ஒரு பெரிய கட்சி மட்டும் நிற்கும் இடத்தில். 2020இல் வயோமிங்கில் மார்ஷல் பர்ட் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனது அப்படித்தான், ரிபப்ளிகன் ஆளே நிறுத்தவில்லை. 1978இல் அலாஸ்காவில் டிக் ராண்டால்ஃப் ஜெயித்துப் போய், மாநில வருமான வரியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். 1980இல் வரி நிஜமாகவே போய்விட்டது. எண்ணெய்ப் பணம் கொட்டியதால் அது சாத்தியமானது என்பதும் உண்மை. ஆனாலும் ஒற்றை ஆள் அவைக்குள் இருந்தால் என்ன பேச்சு எழும் என்பதற்கு நல்ல உதாரணம்.

கட்சிப் பெயரில் பதிவு செய்யும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பென்சில்வேனியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். லிபர்டேரியன் என்று பதிந்தால் பெரிய கட்சிகளின் பிரைமரியில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. உங்கள் தொகுதி ஒரே கட்சியின் கோட்டை என்றால் உண்மையான தேர்தலே அந்தப் பிரைமரிதான். டெக்சாஸில் கட்சிப் பதிவே இல்லை, ஆனால் மார்ச்சில் ஏதாவது ஒரு பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டால் அந்த வருஷம் வாக்குச்சீட்டில் இடம் கேட்கும் சிறு கட்சியின் மனுவில் கையெழுத்துப் போடவோ அதன் மாநாட்டில் கலந்துகொள்ளவோ முடியாது. ரான் பாலே 1988இல் லிபர்டேரியனாக நின்று அரை சதவீதத்துக்கும் குறைவாக வாங்கியவர். 2008இலும் 2012இலும் ரிபப்ளிகன் பிரைமரியில் நின்றபோதுதான் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், 2007 நவம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் இணையத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமியும் 2004இல் தன் ஓட்டை லிபர்டேரியன் வேட்பாளருக்குப் போட்டவர்தான், தான் நிற்கும்போது ரிபப்ளிகன் பிரைமரியில் போய் நின்றார். இது கொள்கைத் துரோகமா, புத்திசாலித்தனமா என்பதில் எனக்கே இரண்டு மனம். எப்படியோ, தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் ஒரு தடவையாவது உங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உள்ள கட்சிக் கிளையின் கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஏதாவது பீட்சா கடையின் பின் அறையில் நடக்கும், பத்துப் பதினைந்து பேர், அதில் ஆண்களே அதிகம். ஒருவர் தங்க நாணயத்தைப் பற்றிப் பேசுவார், ஒருவர் காய்ச்சாத பாலை விற்க விடாத சட்டத்தைத் திட்டுவார், அரசாங்க விதிகளையே வெறுக்கும் இந்த மனிதர்கள் கூட்ட நடைமுறை விதியில் எது முன்னால் வரவேண்டும் என்று அரைமணி நேரம் வாதாடுவார்கள். பயப்படாதீர்கள். அங்கே கிளிப்போர்டைக் கையில் வாங்கிக்கொண்டு மனுவுக்குக் கையெழுத்துச் சேகரிக்க எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்று மட்டும் பாருங்கள், அதுதான் அந்தக் கிளையின் உயிர். நீங்களும் ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள். விவசாயிகள் சந்தை வாசல், நூலக வாசல் நல்ல இடம். "லிபர்டேரியனா?" என்று கேட்காதீர்கள், "வாக்குச்சீட்டில் இன்னொரு பெயர் இருக்கலாமா?" என்று கேளுங்கள், எதிர்க்கட்சிக்காரர்கூடப் போட்டுக்கொடுப்பார். பதிவில் இருக்கும் அதே முகவரியை எழுதச் சொல்லுங்கள், வீடு மாறியவர்களின் கையெழுத்துதான் அதிகம் தள்ளுபடியாகும். கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு தனித் தாள் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படும் எண்ணிக்கையைவிட நிறையவே அதிகமாகச் சேர்த்தால்தான் கழித்தது போக மிஞ்சும்.

கட்சியிடம் கடினமான கேள்விகளையும் கேளுங்கள். பத்தே கேள்வியில் நீங்கள் யார் என்று சொல்லிவிடும் அந்தப் பிரபலமான வினாடி வினாவை நம்பிக் கட்சியில் சேராதீர்கள், அதில் கேள்வி கேட்கும் விதமே உங்களை லிபர்டேரியன் மூலைக்குத் தள்ளும். 2022இல் ரீனோ மாநாட்டில் மீசஸ் அணி என்ற உட்கட்சிக் குழு கட்சியைக் கைப்பற்றி, கருக்கலைப்பு பற்றிய வரியையும், வெறுப்புவாதம் அருவருக்கத்தக்கது என்று கண்டித்த வரியையும் கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்தது. நீங்கள் வீடியோவில் பார்த்த கட்சியும் இன்றைய கட்சியும் ஒன்றா என்று பாருங்கள். குடியேற்றம் பற்றி உங்கள் உள்ளூர் வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள், எல்லையைத் திறந்துவிடு என்பவரும் பூட்டு என்பவரும் ஒரே கட்சியில் இருக்கிறார்கள். கடைக்காரர் தன் விருப்பப்படி யாரையும் உள்ளே விடாமல் இருக்கலாமா என்றும் கேளுங்கள். உணவகம், விடுதி போன்ற இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தில் லிபர்டேரியன்கள் தடுமாறும் இடம் அதுதான். மாநிறத் தோலோடு இந்த நாட்டில் வாழும் நமக்கு அது ஏட்டளவு விவாதம் இல்லை.

மூன்றாம் கட்சி என்றால் ஓட்டைப் பிரிக்கிறவர்கள் என்று திட்டுகிறவர்களிடம் பேச ஒரு நல்ல விஷயம் தரவரிசை ஓட்டு. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எழுதலாம், உங்கள் ஆள் கடைசியாக வந்தால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். மெய்னில் 2016இலும் அலாஸ்காவில் 2020இலும் மக்களே ஓட்டெடுப்பில் கொண்டுவந்தார்கள். 2024இல் அலாஸ்காவில் அதை நீக்கும் முயற்சியிலிருந்து சில நூறு ஓட்டு வித்தியாசத்தில்தான் அது தப்பித்தது, அதே நாளில் கொலராடோ, நெவாடா, ஓரிகன், ஐடஹோவில் அதைக் கொண்டுவரும் யோசனை தோற்றது. சில நூறு ஓட்டு! உங்கள் கல்லூரி விடுதியில் இரண்டு மாடியில் அவ்வளவு பேர் இருப்பார்கள். அதிபர் பிரசாரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

அப்பாவோடு சண்டை போட வேண்டாம். நம் ஊரில் டெபாசிட் போன கட்சிகளைப் பார்த்துப் பழகியவர், அவர் கணக்கிலும் தப்பில்லை. மாதிரி வாக்குச்சீட்டைக் கவுண்டி தளத்திலிருந்து அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வையுங்கள், பள்ளி வாரியம் முதல் தண்ணீர் வாரியம் வரை ஒவ்வொரு பெயராக இருவரும் தேடிப் பாருங்கள். சொத்து வரி என்று வந்தால் பல அப்பாக்கள் உங்களைவிடத் தீவிர லிபர்டேரியன்களாக மாறுவதைப் பார்க்கலாம்.

ஓட்டுப் போடும்போது பெயரை நீங்களே எழுதும் வசதி இருந்தால் கவனம். பெரும்பாலான மாநிலங்களில் முன்கூட்டிப் பதிவு செய்த பெயருக்கு மட்டும்தான் எண்ணுவார்கள், மிக்கி மவுஸ் என்று எழுதினால் அந்த இடம் காலி என்றே அர்த்தம். முடிவு வரும் இரவில் டிவி வரைபடத்தில் உங்கள் கட்சிக்கு நிறமே இருக்காது. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் முடிவுத் தளத்தைத் திறந்து, மாநில அளவிலான பதவிகளில் உங்கள் கட்சியின் சதவீதம் எல்லையைத் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டவில்லை என்றால் அடுத்த மனுவுக்குக் கடைசித் தேதி எது என்பதும் அதே அலுவலகத்தில் கிடைக்கும்.