மென்மையான பூவாசனை பெர்ஃப்யூம்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடியைத் திறந்து முகர்ந்த கையோடு முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. அடித்த முதல் பத்து, பதினைந்து நிமிடம் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலும், சீக்கிரம் பறந்துவிடும் எலுமிச்சை வகை மணங்களும்தான். பூ அதற்குப் பிறகே எழும். நாலு மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சுவது பெரும்பாலும் மஸ்க் எனும் கஸ்தூரி வகை மணமும் மர வாசனையும். ஆரம்பத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரண்டு மல்லிகை பெர்ஃப்யூம்களில் ஒன்று சாயங்காலம் சோப்பு போட்டுத் துவைத்த துணி மாதிரியும், இன்னொன்று திகட்டும் இனிப்பாகவும் முடியலாம். தினமும் போடப் போகிறவருக்கு அந்த முடிவுதான் முக்கியம்.

கடையில் வாசனை தெளித்து முகரத் தரும் காகிதப் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. அதில் உடல் சூடும் இல்லை, வியர்வையும் இல்லை. வாசனையில்லாத சோப்பால் கையைக் கழுவித் துடைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் மற்றொன்று, தலா ஒரே ஒரு ஸ்ப்ரே. எது எந்தக் கையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் கலந்து சோதனையே வீண். பத்து நிமிடம், ஒரு மணி, நாலு மணி என மூன்று முறை முகர்ந்து பாருங்கள். அன்றைக்கு மூன்றாவது பாட்டிலைத் தொடவே வேண்டாம். மூக்கு சலித்தால், அதைத் தெளியவைக்க என்று கடைகளில் முகரத் தரும் காப்பிக்கொட்டை தேவையில்லை. எதுவும் அடிக்காத முழங்கை மடிப்பை முகர்ந்தாலே போதும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்கள்.

“வாசனை போய்விட்டது” என்று மேலும் மேலும் அடிப்பதும் தவறு. மூக்கு பழகிவிடும், போதாக்குறைக்கு, சில மஸ்க் வகைகள் சிலருக்கு எட்டவே எட்டாது. கூட இருப்பவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நிற்கவில்லை என்று.

பாட்டிலில் அடர்த்தி வகையையும் பாருங்கள்: ஒன்று ஓ டி டாய்லெட், மற்றது ஓ டி பர்ஃபம் என்றால் ஒப்பீடே சரியல்ல. முன்னதில் வாசனைப் பொருள் சுமார் 5–15%, பின்னதில் 15–20%.

லேபிளில் உள்ள பூவின் பெயரைப் பார்த்து ‘இயற்கையானது’ என்று தேர்ந்தெடுக்காதீர்கள். லில்லி ஆஃப் தி வேலி பூவிலிருந்து பெர்ஃப்யூமுக்கு ஆகும் எண்ணெய் கிடைப்பதில்லை. அந்த மணம் ஆய்வகத்தில் கட்டப்படுவது. இயற்கை என்றாலும் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதில்லை: ரோஜா எண்ணெயிலேயே இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் சிலருக்கு அரிப்பைத் தரும். சோதித்த இடம் மறுநாளும் சிவந்திருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.