மாடல் ரயில் கட்டடத்துக்கு ஜன்னல்: லேபிள் தாளில் சட்டம் செய்யும் முறை

அட்டையில் ஸ்டேஷன் கட்டுகிறவர்களில் பலர் சுவருக்கும் கூரைக்கும் வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, ஜன்னலைக் கடைசி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பதோ ஜன்னலில்தான். சட்டம் தடித்துப்போனாலும், கண்ணாடி சுவரோடு சுவராகத் தெரிந்தாலும், செங்கல் வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்டடம் பொம்மைபோல் ஆகிவிடும். சட்டம் மெல்லியதாக இருக்க வேண்டும், ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் கடையில் கிடைக்கும் சாதாரண லேபிள் தாளை (பின்பக்கம் பசையுள்ள ஸ்டிக்கர் தாள்) வைத்தே கொண்டுவந்துவிடலாம்.

உதாரணத்துக்கு 1870களின் பிரிட்டிஷ் கிராம ஸ்டேஷன் ஒன்றின் ஜன்னலை எடுத்துக்கொள்வோம். மாடலின் அளவு ஓஓ (OO), அதாவது உண்மையில் 76.2இல் ஒரு பங்கு (1:76.2). இதில் 1 அடிக்கு 4 மி.மீ. என்பதால் கணக்கு எளிது. நீங்கள் அதைவிடச் சற்றுச் சிறிய எச்ஓ (HO) அளவில் கட்டினால் 1 அடிக்கு 3.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜன்னலைப் புரிந்துகொள்ளுங்கள்

அந்தக் கால பிரிட்டிஷ் ஜன்னல் நம் வீட்டு ஜன்னல்போல் பக்கவாட்டில் திறக்காது. நிலைக்குள் இரண்டு கண்ணாடிக் கதவுகள் மேலும் கீழும் நகரும். மேல் கதவு வெளிப்பக்கம், கீழ்க் கதவு உள்பக்கம். இதை மறந்தால் மாடலில் எல்லாமே தலைகீழாகிவிடும்.

கண்ணாடிச் சதுரங்களின் எண்ணிக்கை கட்டடத்தின் காலத்தைச் சொல்லிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஒரு கதவுக்கு ஆறு சிறிய சதுரங்கள் வழக்கம். 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. பெரிய கண்ணாடிகள் மலிவாகவே, ஒரு கதவுக்கு இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரே ஒரு செங்குத்துச் சட்டம் என்ற வடிவம் பரவியது. 1870களின் ஸ்டேஷனுக்கு அதுவே பொருந்தும். சட்டங்கள் குறைவு என்பதால் புதிதாகச் செய்பவர்களுக்கும் அதுதான் வசதி.

3 அடி அகலம், 5 அடி உயரம் என்றால் சுவரில் வெட்டும் துவாரம் 12 × 20 மி.மீ. கதவின் ஓரச் சட்டம் 2 அங்குலம், மாடலில் சுமார் 0.7 மி.மீ. அடிச் சட்டம் 3 அங்குலம், அதாவது 1 மி.மீ. நடுச் சட்டம் முக்கால் அங்குலம்தான், கணக்குப்படி 0.25 மி.மீ. வருகிறது. கையால் 0.4 வரை வெட்ட முடிந்தாலே போதும், கண் ஏற்றுக்கொள்ளும்.

தேவையானவை

ஏ4 லேபிள் தாள், கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), பழைய போஸ்ட்கார்டு அல்லது 0.3 மி.மீ. அட்டை, கிராஃப் தாள், புதிய பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், ட்வீசர், அக்ரிலிக் பெயின்ட், மெல்லிய இருபக்க டேப். சுவருக்கு 1.5 மி.மீ. மவுண்ட் போர்டு (தடித்த அட்டை).

படி 1: வெட்டும் முன் பெயின்ட்

லேபிள் தாளை முழுதாக இருக்கும்போதே பெயின்ட் அடியுங்கள். வெட்டிய கீற்றின் மேல் அடித்தால் பெயின்ட் கண்ணாடியில் வழியும். தாள் சுருளாமல் இருக்க நான்கு மூலைகளையும் டேப்பால் ஒட்டி, நீர்த்த பெயின்டை இரண்டு முறை பூசுங்கள். சுத்த வெள்ளை இந்த அளவில் கண்ணை உறுத்தும். ஒரு சொட்டு காவி கலந்தால் வெயில் பட்ட மரம்போல் அடங்கிவிடும். ஒரு இரவு காயட்டும்.

படி 2: கீற்று வெட்டுதல்

பொறுமை வேண்டியது இங்கேதான். பிளேடை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். மேல்தாள் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடியில் உள்ள மெழுகுத்தாள் முழுதாக இருக்க வேண்டும். ஸ்கேலை மயிரிழை நகர்த்தி அடுத்த வெட்டு. 0.4 மி.மீட்டரை யாராலும் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்ட முடியாது. அதனால் நான் தேவைக்கு மூன்று மடங்கு வெட்டி, ஒரே சீராக வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறேன். வீணாகும் தாளின் விலை ஒன்றுமில்லை. பிளேடு முனை மழுங்கியதும் தயங்காமல் மாற்றுங்கள். கீற்றின் ஓரம் பிசிறடிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

படி 3: கண்ணாடியில் ஒட்டுதல்

கிராஃப் தாளில் மேல் கதவையும் கீழ்க் கதவையும் தனித்தனியாக வரையுங்கள். ஒவ்வொன்றும் 11.4 மி.மீ. அகலம், 10.5 மி.மீ. உயரம். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதால்தான் உயரத்தில் அரை மி.மீ. கூடுதல். படத்தின் மேல் ஓஎச்பி ஷீட்டை வைத்து டேப் போட்டுவிடுங்கள்.

முதலில் நடுச் சட்டம். கீற்றை வேண்டியதைவிட நீளமாகவே ஒட்டி, முனைகளைப் பிறகு கத்தரியுங்கள். அப்புறம் மேல், அடிச் சட்டங்கள். கடைசியில் இரண்டு ஓரங்கள். இந்த வரிசையில் போனால் மெல்லிய கீற்றின் முனை அகலமான கீற்றுக்கு அடியில் மறைந்துவிடும். கீற்று கோணலாக விழுந்தால் இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள், நீண்டு வளைந்துவிடும். எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டுங்கள்.

முடிந்ததும் பக்கவாட்டில் 4 மி.மீ. ஓரம் விட்டு வெட்டுங்கள். மேல் கதவுக்கு மேலேயும் அதே ஓரம் இருக்கட்டும். ஆனால் இரண்டு கதவுகளின் அடிவிளிம்பையும் சட்டத்தோடு ஒட்டி வெட்ட வேண்டும். காரணம் கடைசியில்.

படி 4: அடுக்குதல்

மவுண்ட் போர்டின் தடிமன் 1.5 மி.மீ. என்பது நமக்கு நல்ல வசதி. அரைச் செங்கல் ஆழமான நாலரை அங்குலம், ஓஓவில் சரியாக அவ்வளவுதான். ஜன்னலைச் சுவரின் பின்பக்கம் ஒட்டினாலே உண்மையான உள்வாங்கல் கிடைத்துவிடும்.

சுவரின் பின்னால் முதலில் போஸ்ட்கார்டில் வெட்டிய நிலை. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மேலேயும் 0.3 மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். அதன் பின்னால் மேல் கதவு. பிறகு இடமும் வலமும் போஸ்ட்கார்டு கீற்றுகள், துவாரத்துக்குள் நீட்டாமல். அவற்றின் மேல் கீழ்க் கதவு. அவ்வளவுதான். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மேல் கதவின் நிழல் கீழ்க் கதவின் மேல் மெலிதாகப் படியும். தட்டையாக ஒரே ஷீட்டில் செய்த ஜன்னலில் அது கிடைக்காது.

ஒட்டுவதற்கு இருபக்க டேப் மட்டும். என் முதல் கட்டடத்தில் சூப்பர் குளூ வைத்து ஒட்டி மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுவதும் வெண்புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி உள்ளே தங்கிப் படியும். துடைக்க வழியில்லாத இடத்தில் கட்டடத்தைப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஜன்னலுக்குக் கீழே கல் விளிம்புக்கு 1 மி.மீ. அட்டைத் துண்டு ஒன்று, சுவரைவிடச் சற்று முன்தள்ளி. உள்ளே கறுப்புத் தாள் வைத்தால் அறை ஆழமாகத் தெரியும்.

இப்போது அடிவிளிம்பின் காரணம். வெயிட்டிங் ரூம் ஜன்னல் ஒன்றில் மட்டும் கீழ்க் கதவை 3 மி.மீ. உயர்த்தி ஒட்டுங்கள். அது மேல் கதவின் பின்னால் ஏறி நிற்கும். அடியில் கண்ணாடி இல்லாத இடைவெளி தெரியும். கோடைக்கால மதியத்தில் யாரோ காற்றுக்காகத் திறந்துவைத்த ஜன்னல் அது.